தார்ப்பாய்க்கு எந்தக் கயிறு?

மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் கயிற்றுச் சுருளின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது 550 என்ற எண். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்குடைகளில் தொங்கிய கயிற்றின் வம்சம் அது. 550 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 250 கிலோ, இழுத்தால்தான் அறும் என்பது அந்த எண்ணின் பொருள். 1997இல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன விண்வெளி வீரர்களுக்கும் இந்தப் பாராகார்ட் உதவியிருக்கிறது. இத்தனை கீர்த்தி உள்ள கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே வீணைத் தந்தியாக இழுத்துக் கட்டித் தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் படுத்தால், விடியற்காலையில் தார்ப்பாய் மூக்கைத் தொடுகிறது. கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை, முளையும் அசையவில்லை. கயிறு நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

கயிறு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ‘எவ்வளவு தாங்கும்?’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே பேசுகிறார்கள். தார்ப்பாய்க் கூரைக்கு அது இரண்டாம்பட்சம். நனைந்தால் எவ்வளவு நீளும், போட்ட முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்குமா என்ற இரண்டும்தான் முதலில் கேட்க வேண்டியவை. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ வீதம் தள்ளும். மூன்றுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயைக் காற்றுக்கு நேர் எதிரே விரித்துப் பிடித்தால் மொத்தம் 55 கிலோ. வேகம் 72 கிலோமீட்டர் ஆனால் சுமை இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 220 கிலோவைத் தொடும். ஆனால் தார்ப்பாயை யாரும் அப்படி நேர் எதிரே நிறுத்துவதில்லை. சரித்துத்தான் கட்டுகிறோம், அந்தச் சுமையும் ஆறேழு கயிறுகளுக்குப் பிரிந்து போகிறது. ஆக, சுமாரான மூன்று மில்லிமீட்டர் கயிறே மூலைக்குப் போதும். புயல் காற்றில் முதலில் போவது மண்ணில் அடித்த முளை, அடுத்தது தார்ப்பாயின் ஓரக் கண், அதற்கடுத்தது துணி. கயிறு வரிசையில் கடைசியில்தான் நிற்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே ஓடும் முகட்டுக் கயிறு. ஆறு மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் பத்துக் கிலோ தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிறு நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவாக, 26 சென்டிமீட்டர் மட்டும், தொய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 57 கிலோ இழுவையில் இருக்கும். அதே கயிற்றை நன்றாகத் தளர்த்தி ஒன்றேமுக்கால் மீட்டர் தொய்ய விட்டால் இழுவை பத்துக் கிலோவுக்கு இறங்கிவிடும். இறுக்க இறுக்கக் கயிறு தன்னையே வதைத்துக்கொள்கிறது. பத்துக் கிலோ எங்கிருந்து வரும் என்றால், ஒரு சதுர மீட்டர் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினாலே பத்துக் கிலோதான். தொய்வு தண்ணீரைத் தேக்குகிறது, தேங்கிய தண்ணீர் தொய்வைக் கூட்டுகிறது. நள்ளிரவில் தார்ப்பாய் சரிந்த கதைகளில் முக்கால்வாசிக்குக் காரணம் காற்றல்ல, இந்தக் குட்டைதான் என்பது என் எண்ணம்.

நனைந்த கயிறு என்ன செய்யும் என்பது நாரைப் பொறுத்தது. பருத்தி, சணப்பை, மணிலா போன்ற முறுக்குக் கயிறுகள் நனைந்தால் புரிகள் பருத்து, நீளம் குறையும். ஒரு காலத்துக் கான்வாஸ் கூடாரக்காரர்கள் மழைக்கு முன் கயிறுகளைத் தளர்த்தி வைத்தார்கள். இல்லையென்றால் இரவில் கயிறு சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். 1586இல் வத்திக்கானில் தொமெனிக்கோ ஃபொன்தானா எகிப்தியக் கல்தூணை நிமிர்த்தியபோது, வாயைத் திறந்தால் மரண தண்டனை என்ற உத்தரவையும் மீறி ஒரு மாலுமி ‘கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று கத்தியதாக ஒரு கதை சொல்வார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, அதிலுள்ள கயிற்று ஞானம் சரியானது.

நைலான் இதற்கு நேர் எதிர். 1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய இந்த இழை தண்ணீரை விரும்பும். ஈரக் காற்றிலிருந்தே தன் எடையில் நான்கு சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும், மழையில் இன்னும் கூடும். நனைந்ததும் பலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும், கொஞ்சம் நீளவும் செய்யும். உலர்ந்திருக்கும்போதே அது நெகிழும் இழைதான். அறுமுன் குறைந்தது 30 சதவீதம் நீள வேண்டும் என்று பாராகார்டுக்கான அமெரிக்க ராணுவ விவரக்குறிப்பே நிபந்தனை வைக்கிறது. வான்குடை விரியும் உதறலைக் கயிறு வாங்கிக்கொள்ளாவிட்டால் அதில் தொங்குகிறவரின் எலும்பு வாங்கிக்கொள்ளும். வான்குடைக்கு அது வரம். முகட்டுக் கயிற்றுக்கு அதுவே சாபம். கான்வாஸ் காலத்தில் மழைக்கு முன் தளர்த்தினார்கள். நைலான் காலத்தில் மழை தொடங்கிய பின் எழுந்து போய் இறுக்க வேண்டியிருக்கிறது.

பாலியஸ்டர் இங்கே நிதானமான பேர்வழி. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கி, டெரிலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்து, நம் ஊரில் டெரிகாட்டன் சட்டையாகப் புழங்கிய அதே இழை. தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது. நைலான் அளவுக்கு நெகிழாது. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். எடையில் சற்றுக் கூடுதல், அது ஒன்றுதான் குறை. முகட்டுக்கு ஒரே ஒரு கயிறு சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், இரண்டரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள பாலியஸ்டர் பின்னல் கயிறு என்று யோசிக்காமல் சொல்வேன். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இழுக்கும்போது விரலை அறுக்கும், இருட்டில் முடிச்சு கைக்குப் பிடிபடாது.

எடை குறைக்கும் வெறி பிடித்தவர்களின் செல்லப்பிள்ளை டைனீமா. பாலிஎத்திலீனின் மிக நீண்ட மூலக்கூறுகளை நேராக்கி நூற்ற இழை. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் வளர்த்தெடுத்தது. நீளாது, நனையாது, தண்ணீரில் மிதக்கும், ஒன்றரை மில்லிமீட்டர் கயிறே நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் இழை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வழக்கமான முடிச்சுகள் கையெதிரிலேயே நழுவும், நிற்கும் முடிச்சும் கயிற்றின் பலத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். 150 டிகிரியை ஒட்டி உருகிவிடுவதால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பாலியஸ்டர் உறை போட்ட டைனீமா இதில் பாதித் தொல்லையைத் தீர்க்கிறது, விலையைக் கூட்டியபடி. மலையில் வாரக்கணக்கில் நடப்பவர்களுக்கு அந்த விலை தகும். காரில் போய் இறங்கிக் கட்டுகிறவர்களுக்கு வீண் செலவு.

நம் கடைத்தெருவின் நிலவரம் வேறு. ஹார்டுவேர் கடையில் ‘நைலான் கயிறு’ என்று மஞ்சளிலும் பச்சையிலும் நீலத்திலும் தொங்குவதில் பெரும்பாலானது நைலானே அல்ல. பாலிபுரொப்பிலின், அல்லது பாலிஎத்திலீன். கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். விரல் நீளம் வெட்டிப் போட்டால் இவை மிதக்கும், நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். நெருப்புக் காட்டினால் பாலிபுரொப்பிலின் மெழுகுவத்தி வாடையோடு எரியும், பாலியஸ்டர் கரும்புகை விடும். மூழ்கிய இரண்டையும் பிரித்தறிய வேறு வழியும் உண்டு. இரண்டிலும் ஐந்து மீட்டர் எடுத்து, ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு அளந்து, பிறகு நனைத்துவிட்டு மறுபடி அளந்தால் நைலான் தானாகக் காட்டிக்கொடுக்கும். பாராகார்ட் என்று விற்பதையும் வெட்டிப் பார்ப்பது நல்லது. அசலுக்குள் ஏழு முதல் ஒன்பது முறுக்கு நூல்கள் தனித்தனியாக இருக்கும். போலிக்குள் முறுக்கில்லாத பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று அடைத்திருப்பார்கள்.

பாலிபுரொப்பிலின் கயிற்றை நான் முற்றாக ஒதுக்கவில்லை. விலை மலிவு, ஈரம் ஏறாது, நைலான் அளவுக்கு நீளாது. அதன் எமன் வெயில். மாட்டுக் கொட்டகையின் மேல் இரண்டு கோடை கிடந்த மஞ்சள் கயிற்றைக் கையில் உருவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறம் வெளுத்து, மேல் இழைகள் முள்ளாக நிமிர்ந்து, உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். இன்னொரு குறை அதன் விறைப்பு. முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால் தானே அவிழப் பார்க்கும். புதுக் கயிறு, வார இறுதி முகாம் என்றால் சரி. போன வருஷத்துக் கயிறு என்றால் வேண்டாம்.

தேங்காய் நார்க் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கட்டுமரத்தின் மரங்களைப் பிணைத்ததும், சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் பலகைகளைத் தைத்ததும் அதுதான். உப்புத் தண்ணீரில் அது எளிதில் மக்காது. சொரசொரப்பால் எந்த முடிச்சும் அதில் நிற்கும். பொள்ளாச்சிப் பக்கம் இன்றும் மலைபோல் திரிக்கிறார்கள். ஆனால் எடைக்கு ஏற்ற பலம் இல்லை, நன்றாக நெகிழும், தார்ப்பாயின் மெல்லிய ஓரத்தை அரம்போல் தேய்க்கும். தோட்டத்துப் பந்தலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, முதுகுப் பைக்கு ஆகாது.

முடிச்சுகளுக்கு வருவோம். கிளிஃபர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தில் 3,800க்கும் மேற்பட்ட எண்ணிட்ட பதிவுகள் இருக்கின்றன. தார்ப்பாய்க்கு அதில் நாலைந்து போதும். மரத்தைச் சுற்றி ஒரு முனையை நிறுத்த, இறுகிப்போகாத கண்ணி ஒன்று வேண்டும்; போலைன் அதற்குத்தான். எவ்வளவு இழுத்தாலும் காலையில் விரலால் நெம்பி அவிழ்க்கலாம். கண்ணி விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதை மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மறு முனையை இறுக்குவதுதான் கலை. அதைக் கற்க மலைக்குப் போக வேண்டாம். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரியில் பாரம் கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். மேலே நிற்கும் கிளீனர் கயிற்றைத் தார்ப்பாயின் மேல் வீசுவார். கீழே நிற்பவர் இடுப்புக்கு மேலே கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கி, சின்னதாக ஒரு கண்ணி எடுப்பார். மிச்சக் கயிற்றைப் பாடிக்கு அடியில் இருக்கும் கொக்கியில் சுற்றி, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுப்பார். கயிறு கிறீச்சிடும். இழுத்த இழுப்பு தளராமல் கண்ணியை ஒரு கையால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு சுருக்குப் போட்டுவிட்டு அடுத்த கொக்கிக்குப் போய்விடுவார். பத்து விநாடிகூட ஆகாது. இதையே வெளிநாட்டு முகாம் நூல்கள் டிரக்கர்ஸ் ஹிட்ச் என்று படம் போட்டு விளக்குகின்றன. ஏட்டுக் கணக்கில் இது இழுப்பை மூன்று மடங்காக்கும். கயிறு கயிற்றோடே உரசுவதால் நிஜத்தில் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் குறைவு. லாரிக்காரருக்கும் நமக்கும் அதுவே தாராளம். மெல்லிய தார்ப்பாயில் இந்த முடிச்சை முழுப் பலத்தோடு போட்டு ஓரக் கண்ணைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. முகட்டுக் கயிற்றை மட்டும் இப்படி இறுக்கலாம், மூலைக் கயிறுகளைக் கூடாது.

மூலைகளுக்கு ஏற்றி இறக்கக்கூடிய முடிச்சு தேவை. டாட்லைன் ஹிட்ச் அதைச் செய்யும். கயிற்றின் மேல் நகர்த்தினால் நகரும், இழுவை வந்தால் பிடிக்கும். உரசல் இருக்கும் கயிற்றில்தான் இந்த வித்தை பலிக்கும். வழவழப்பான கயிறு என்றால் இன்னும் ஒரு சுற்றுக் கூட்ட வேண்டும், உறையில்லாத டைனீமாவில் அதுவும் உதவாது. முகட்டில் தார்ப்பாயின் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்க ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு உண்டு. மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் செய்து தடித்த கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். வளையக் கயிறு முகட்டுக் கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, ‘புருசிக் வழுக்குகிறது’ என்று குறைப்படுகிறவர்கள் அநேகம்.

எல்லா முடிச்சையும் கடைசிச் சுற்றில் உருவு சுருக்காக, முனையை மடித்து நுழைத்து முடிப்பது நல்ல பழக்கம். மழையில் விறைத்த விரலுக்கு ஒரே இழுப்பில் அவிழும். அவிழாத முடிச்சைக் கத்தியால் அறுத்துவிட்டு, துண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வரும் பழக்கத்தால் மான் கால்களில் நைலான் வளையம் மாட்டுகிறது.

தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் நடுவில் இருக்கும் ஓரக் கண்ணைத்தான் நான் சற்றும் நம்புவதில்லை. மலிவான நீலத் தார்ப்பாயில் அலுமினிய வளையம் பெயருக்கு ஒட்டியிருக்கும். ஒரு உதறலில் அது தனியாகக் கழன்று கயிற்றோடு போய்விடும். அது போனபின் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்துவிடலாம். எலுமிச்சை அளவுக் கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயின் உட்பக்கம் வைத்து, துணியை அதன் மேல் சுற்றி, கழுத்தில் கயிற்றை இறுகக் கட்டினால் இழுவை துணியின் பரப்பு முழுவதிலும் பரவும். ஓரத்தில்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாமல் போகும். கல்லுக்குக் கூர் முனை இருக்கக் கூடாது, அதைமட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முளைக்கு வந்தால், கயிறு நீளமாக இருப்பதே பாதி வேலை. 45 டிகிரியில் இறங்கும் கயிறு தன் இழுவையில் 70 சதவீதத்தை முளையை மேலே பிடுங்குவதற்குச் செலவிடும். 20 டிகிரியாகத் தாழ்த்தினால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். தார்ப்பாய்க்கு எதிர்ப்புறம் தலை சாய்த்து முளையை அடித்து, கயிற்றை மண்ணை ஒட்டிப் போட வேண்டும். மணலிலும் சேற்றிலும் நிற்கும் முளை எதுவும் இல்லை. ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, கிடையாகப் புதைத்து மிதித்துவிடுவதே வழி.

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. எனவே இங்கே தார்ப்பாய் கட்டும் இடம் பெரும்பாலும் எஸ்டேட், தோட்டம், அனுமதி பெற்ற முகாம். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் நேராக, தோதான இடைவெளியில் இருப்பதால் ஆசை காட்டும். அதன் கிளை எளிதில் முறியும் தன்மையுள்ளது. அண்ணாந்து பார்த்து, மேலே காய்ந்த கிளை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கயிற்றை எடுக்க வேண்டும். மெல்லிய கயிறு பட்டையை அறுக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துண்டையோ சாக்கையோ மரத்தில் சுற்றிக் கட்டுவது தோட்டக்காரரோடு சண்டை வராமலும் காக்கும்.

மலை மழையில் கட்டும் விதம் பற்றி நூல்களில் ஏகப்பட்ட வடிவங்கள் உண்டு. கூரை வடிவம், ஒருபுறச் சாய்ப்பு, ஒரு மூலையை மரத்திலும் மற்ற மூன்றைத் தரையிலும் கட்டும் கலப்பை வடிவம் என்று போகும். அவற்றில் என் ஓட்டு கூரை வடிவத்துக்கும் கலப்பை வடிவத்துக்கும்தான். மற்றவை வானம் தெளிவாக இருக்கும் நாளின் அலங்காரம். காற்று வரும் பக்க ஓரம் தரையைத் தொட வேண்டும், முகடு இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது, இரு பக்கமும் நல்ல சரிவு வேண்டும். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டு உயர்த்திக் கட்டினால் சாரல் முழுவதும் உள்ளே. மரத்தில் வழியும் தண்ணீர் முகட்டுக் கயிறு வழியாகவே ஊர்ந்து வந்து தலையணையில் சொட்டும். தார்ப்பாய் தொடங்குமுன் கயிற்றில் ஒரு சாண் நூலைத் தொங்கக் கட்டினால் தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும்.

இவ்வளவு குறைந்த சாமானோடு மழையை எதிர்கொள்ள முடியுமா என்ற சந்தேகத்துக்கு எம்மா கேட்வுட் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். 1955இல், 67 வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்த அவர் கூடாரம் கொண்டுபோகவில்லை. அவரிடம் இருந்தது குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. 1990களில் ரே ஜார்டின் எழுதியதைப் படித்து நெடும்பாதை நடப்பவர்கள் பலர் கூடாரத்தை விட்டுத் தார்ப்பாய்க்கு மாறியது அதற்கு வெகு காலத்துக்குப் பின்.

நெகிழ்ச்சியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று உதறும்போது எங்காவது ஓரிடம் கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த உதறல் தையலில் இறங்கும். அந்த இடத்தை நாமே தேர்ந்து வைப்பதுதான் காரியம். முகடு நீளாத பாலியஸ்டராக இருக்கட்டும். மூலைக் கயிறுகளில் முளைக்குப் பக்கத்தில் ஒரு சாண் எலாஸ்டிக் கயிறு, அது இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் கோத்துவிடலாம். இந்த ரப்பர் இழுவையில் இருக்கும்வரை துணியில் ஏற்படும் சின்னத் தொய்வை அது தானே உள்வாங்கிக்கொள்ளும். பாராகார்டுக்கும் இங்கே இடமுண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு சுருள் கிடந்தால் மூலைகளுக்குப் போடலாம், நெகிழ்வது அங்கே குற்றமில்லை.

சரியான கயிற்றைச் சரியாகக் கட்டிய பிறகும் கொஞ்சம் தொய்வு மிஞ்சினால் அதைக் கயிற்றின் தலையில் கட்ட முடியாது. சிலிக்கான் பூசிய நைலான் தார்ப்பாய் என்றால் துணியே நனைந்து விரியும், அதே நைலான்தானே. சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் துணி அவ்வளவு விரியாது. ஊரில் கிடைக்கும் சில்பாலின் விரிப்பு தண்ணீரையே உறிஞ்சாது, ஆனால் சுமந்து நடக்கக் கனம். நைலான் துணி வைத்திருப்பவர்கள் மாலையில் ஒரு முறை கட்டிவிட்டு, மழை பிடித்து அரை மணி நேரம் கழித்து வெளியே போய் நான்கு மூலை முடிச்சுகளையும் மேலே தள்ளிவிட்டு வந்து படுக்க வேண்டும்.